உள்ளே ஆள் இருந்தால்

அந்தக் காருக்கு வந்த கோளாறு கேட்பதற்குச் சின்னதுதான். சாவியில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் நான்கு கதவும் ஒன்றாகத் 'தடக்'கென்று பூட்டிக்கொள்ளும். பூட்டிவிட்டது என்று நம்பி நாலு எட்டு நடந்து, தெரு இரைச்சலுக்குள் போன பிறகு, யாரும் கேட்காதபோது இன்னொரு 'தடக்'. நான்கும் திறந்துகொள்ளும். பழைய கார் என்றால் இப்படி ஏதாவது இருக்கத்தான் செய்யும், இதற்கெல்லாமா ஒரு கதை என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பூட்டை நம்பி உள்ளே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார்.

அவர் லிஃப்ட்காரர். உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமாகவே வயது போய்விட்டது. வேலையை விட்ட பிறகு நினைவு கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டு வந்தது. முதலில் பெயர்கள் போயின, பிறகு முகங்கள். மனைவி ஜன்னல் திரையும் சோபா உறையும் தைக்கிற தையற்காரி. சில நாள் அவளைத் தெரியும். சில நாள் அவளையே பார்த்து, "எந்த மாடி மேடம்?" என்பார்.

"தரைத்தளம்தான். இறங்கிச் சாப்பிட வாங்க," என்பாள் அவள். அழுதுகொண்டிருந்தால் அடுப்பு வேலை யார் பார்ப்பது?

அவரை வீட்டில் தனியாக விட முடியாது. கூட்டத்துக்குள் கூட்டிப்போனால் மிரண்டுபோவார். காரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்தால் மட்டும் முகம் தெளியும். அதனால் மருந்து வாங்கப் போகும் நாளில் நிழல் பார்த்து நிறுத்தி, கண்ணாடியை நாலு விரல் இறக்கி, கதவைப் பூட்டிவிட்டு ஓடிப்போய் வாங்கி வருவாள்.

அப்படி ஒரு நாள் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தால் இருக்கை காலி. கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. மருந்துப் பையோடு தெருத்தெருவாக அலைந்தாள். கடைசியில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கண்டுபிடித்தாள். லிஃப்ட்டுக்குள் நின்றுகொண்டு, மூட வரும் கதவை உள்ளங்கையால் தடுத்துப் பிடித்து, வருகிறவர்களை எல்லாம் ஏற்றிக்கொண்டிருந்தார். "மெதுவா ஏறுங்க. அவசரமே இல்ல. எந்த மாடி?"

வாசல் காவலாளி அவளைப் பார்த்து, "உங்க ஆளா?" என்றார். "புதுசா வேலைக்குச் சேர்ந்தவருன்னு நெனச்சோம். நல்லாத்தான் வேலை பார்த்தாரு."

இரண்டு பெரிய சாலைகளைக் கடந்து அங்கே போயிருக்கிறார். எப்படிக் கடந்தார் என்பதை நினைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மகள் நினைத்தாள். கண் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள், அன்று சாயங்காலமே சீருடையோடு வந்து நின்றாள்.

"அம்மா, நடுரோட்டுல ஒரு லாரி வந்திருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"வரலையே."

"முதியோர் இல்லத்துல பேசிட்டேன். ஒரு இடம் காலியா இருக்கு. இந்த மாசம் முடியறதுக்குள்ள சொல்லணும்."

"பூட்டுதான்டி கெட்டுப்போச்சு. அப்பா கெட்டுப்போகல. பூட்டைச் சரி பண்ணிடறேன்."

"பண்ணு. வேண்டாங்கல. ஆனா இன்னொரு தடவை அவர் தொலைஞ்சாருன்னா, நான் உன்கிட்ட கேட்டுட்டு இருக்க மாட்டேன்."

ஆக, பூட்டு நின்றால் லிஃப்ட்காரர் வீட்டில் இருப்பார். நிற்காவிட்டால் போய்விடுவார். சட்டென்று அப்படி ஆகிவிட்டது அந்தக் காரின் கதை.

அவள் போன இடம் ஃபியூஸ் அண்ணனின் பட்டறை. டயர் கடைக்கும் ஒரு மதிலுக்கும் நடுவில் செருகி வைத்த மாதிரி ஒரு தகரக் கொட்டகை. கார் மின்சார வேலை மட்டும் பார்ப்பார். சக்கரத்தில் காற்று இல்லை என்று போனாலும் முதலில் ஃபியூஸ் பெட்டியைத்தான் திறப்பார் என்று டயர் கடைக்காரர் வைத்த பெயர் அது. அவரும் மறுப்பதில்லை. அவளுக்கு அவர் தம்பி வயது.

லிஃப்ட்காரரைப் பக்கத்து வீட்டில் உட்காரவைத்துவிட்டு வந்திருந்தாள். ஃபியூஸ் அண்ணன் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். எல்லாம் சரியாக இருந்தது. சாவியைப் பிரித்து, உள்ளே இருந்த பொட்டு பேட்டரியை மாற்றினார். பேட்டரி உட்காரும் தகட்டை அழிரப்பரால் தேய்த்தார். வீட்டில் இருந்த இரண்டாவது சாவியாலும் அழுத்திப் பார்த்தார். பிறகு பொத்தானே வேண்டாமென்று சாவியைக் கதவுத் துளையில் விட்டுக் கையால் பூட்டினார். எப்படிப் பூட்டினாலும் கதவுகள் சமர்த்தாக நின்றன.

"என்னம்மா, பூட்டு நல்லாத்தானே இருக்கு?"

"இங்க நல்லாத்தான் இருக்கு தம்பி. கடை வாசல்ல போய் நின்னா திறந்துக்குது."

"பல்வலி டாக்டர் வீட்டு வாசலோட நின்னுடும்ல, அந்த ஜாதிக் கோளாறு. இருங்க, பார்த்துடலாம்."

கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். அதற்குள்தான் கதவுக்குப் போகிற வயர் எல்லாம். அதைக் கழற்றி இழுத்தார். "திறந்து மூடி, திறந்து மூடி, உள்ள வயர் முறிஞ்சுடும். கிழட்டுக் காருக்கு இதுதான் மூட்டுவலி." சொன்னது போலவே ஒரு வயர் தோல் வெடித்துச் செம்பு தெரிந்தது. ஒட்டுப் போட்டுச் சுற்றினார். பூட்டிவிட்டு இரண்டு பேரும் தேநீர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு அசையவில்லை.

அவள் அன்று வழியெல்லாம் முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டே ஓட்டினாள். மறுநாள் மருந்துக் கடை வாசலில், பூட்டிவிட்டுப் போய்த் திரும்பினால், பூட்டுக் குமிழ்கள் நான்கும் தலை தூக்கி நின்றன. நல்லவேளை, லிஃப்ட்காரர் இறங்கவில்லை.

மறுபடி பட்டறை. மறுபடி அங்கே கதவு சமர்த்து. ஃபியூஸ் அண்ணன் கழுத்தில் கயிற்றில் தொங்கிய கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, தப்பா நினைக்காதீங்க. ஐயாவே உள்ளேருந்து திறக்கிறாரோ?"

அந்தச் சந்தேகம் அவளுக்கும் இருந்தது. வேறொருவர் வாயிலிருந்து வந்ததும் அது நிச்சயமாகிவிட்டது. மனசு அப்படித்தானே, நமக்கெல்லாம்?

வீட்டுக்கு வந்து அவர் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. கதவை நீங்கதானே திறக்கறீங்க?"

"இல்ல."

"பின்ன, பேயா திறக்குது?"

"உள்ள ஆள் இருக்கு," என்றார் அவர், பொறுமையாக, புது ஆளுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிற குரலில். "ஆள் இருந்தா கதவு நிக்காது."

"அது லிஃப்ட்டுங்க. இது கார்."

"ஆள் இருந்தா நிக்காது."

"ஐயோ, உங்களோட மல்லுக்கட்ட என்னால முடியலையே," என்று எழுந்து போய்விட்டாள்.

அடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது அவள் செய்த காரியத்தை நான் மறைக்கப் போவதில்லை. நீங்களும் அவளைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். திரையைச் சேர்த்துக் கட்டுகிற துணிப்பட்டை ஒன்று கைப்பையில் இருந்தது. "கையைக் கொடுங்க, அளவெடுக்கறேன்," என்றாள். அவர் இரண்டு கையையும் நீட்டினார். மணிக்கட்டுகளைச் சேர்த்து, வலிக்காமல், தளர்வாக ஒரு முடிச்சுப் போட்டாள். கைகளை மடியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்தினாள். தடக்.

அன்று அவள் கடைக்குள் போகவில்லை. வாசல் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அவர் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டிய கை கட்டியபடி மடியில். தோள்கூட அசையவில்லை. பூட்டுக் குமிழ்கள் நான்கும் தாமாக மேலே எழுந்தன.

ஓடிவந்து கதவைத் திறந்தாள். அவர் அவளை அண்ணாந்து பார்த்து, "கதவு திறந்தாச்சு மேடம்," என்றார். "பயப்படாதீங்க. நீங்க இறங்கலாம்."

அவள் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தாள். தையற்காரி போட்ட முடிச்சு. அவளாலேயே உடனே அவிழ்க்க முடியவில்லை. மருந்து வாங்காமல் நேராகப் பட்டறைக்கு ஓட்டினாள். லிஃப்ட்காரர் பட்டறைக்கு வந்தது அன்றுதான் முதல் தடவை.

"இவரு தொடலை," என்றாள் இறங்கியதுமே. "என் கண்ணால பார்த்தேன். இவர் தொடவே இல்ல."

எப்படி அவ்வளவு நிச்சயம் என்று ஃபியூஸ் அண்ணன் கேட்டார். அவள் சொல்லவில்லை. அவர் குனிந்து ஜன்னல் வழியாக, "ஐயா, கொஞ்சம் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க," என்றார். லிஃப்ட்காரர் தூக்கினார்.

"கொள்ளைக்காரன் மாதிரி நிக்கவைக்கறியே தம்பி," என்றாள் அவள்.

"சும்மா ஒரு சாட்சிக்கும்மா." பொத்தானை அழுத்தினார். தடக். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. தடக். கைகள் மேலேயே இருந்தன.

ஃபியூஸ் அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினார். இப்போதுதான் அவருக்கு வேலையில் உண்மையான பசி வந்தது. லிஃப்ட்காரரை இறக்கி விசிப்பலகையில் உட்காரவைக்கச் சொன்னார். காலிக் காரைப் பூட்டினார். திறக்கவில்லை. பின் இருக்கையில் கருவிப்பெட்டியை வைத்துப் பூட்டினார். திறக்கவில்லை. அதே பெட்டியை லிஃப்ட்காரர் உட்கார்ந்த இருக்கையில் வைத்தார். தடக். பிறகு, தடக்.

பெட்டியை எடுத்துவிட்டு ஒரு சின்ன பெயின்ட் டப்பாவை வைத்தார். அதற்கும் திறந்தது.

"கதவுல இல்லம்மா," என்றார் மெதுவாக. "சீட்டுல இருக்கு. இவ்வளவு நாளா நான் காலிக் காரைப் பூட்டிப் பூட்டிப் பார்த்திருக்கேன்."

இருக்கை உறையைக் கத்தியால் கிழிக்கப் போனவரை அவள் தடுத்தாள். அந்த உறை அவள் தைத்தது. கைப்பையிலிருந்து தையல் பிரிக்கிற கொக்கியை எடுத்துக்கொண்டு, இருக்கைக்கு அடியில் தலையை நுழைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னம்மா?"

"இது என் தையல் இல்ல."

அடிப்பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கு யாரோ பிரித்து மறுபடி தைத்திருந்தார்கள். கோணல்மாணலான தையல். நூல் மட்டும் அவளுடையது: சோபாவுக்கு வைத்திருந்த கடுகு மஞ்சள் முறுக்கு நூல். அந்த நூல்கண்டு காணாமல்போய் வீடு முழுக்கத் தேடியது அவளுக்கு நினைவு வந்தது. மகள் சிறுபிள்ளையாக இருந்த காலம்.

பிரித்தாள். ஃபியூஸ் அண்ணன் பஞ்சுக்குள் கைவிட்டுத் தட்டையான ஒன்றை வெளியே எடுத்தார். இரண்டு தகரப் பட்டை, நடுவே ஓட்டை போட்ட ஸ்பாஞ்சு. மேலே பாரம் ஏறினால் ஓட்டை வழியாகப் பட்டையும் பட்டையும் தொட்டுக்கொள்ளும். அதிலிருந்து இரண்டு வயர், தரை விரிப்புக்கு அடியில் ஓடி, கதவோரத்தில் ஒளித்து வைத்த கறுப்புப் பெட்டி ஒன்றில் போய்ச் சேர்ந்தது. வழியெங்கும் வயர்களை அந்த மஞ்சள் நூலால் சேர்த்து, விரற்கடைக்கு ஒரு முடிச்சாகக் கட்டியிருந்தது. தையலில் இருந்த கோணல் அந்த முடிச்சுகளில் இல்லை. ஒன்றுபோல் ஒன்று, பார்த்தாலே மனசு நிறைகிற மாதிரி.

"இது கம்பெனி வேலை இல்ல. யாரோ கையால செஞ்சது. வண்டி ஓடும்போது இது தூங்கும். எஞ்சினை நிறுத்திப் பூட்டின பிறகு இந்த சீட்டுல பாரம் இருந்தா, கொஞ்சம் பொறுத்துத் திறந்துவிடும். எல்லாரும் இறங்கின பிறகுதானே வண்டியைப் பூட்டுவோம், அதான் இத்தனை காலமா யாருக்கும் தெரியல. நான் கெட்டுப்போனது எதுன்னு தேடிக்கிட்டிருந்தேன். எதுவுமே கெடலம்மா." பெயின்ட் டப்பாவை எடுத்துக் கையில் எடை பார்த்தார். "ஆனா ஒண்ணு. இது பெரிய ஆளுக்காக வச்சதில்ல. இத்தனூண்டு பாரத்துக்கே திறக்குது."

தையற்காரிக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள்; மகள் அப்போது பேச்சுப் பழகிக்கொண்டிருந்த குழந்தை. காரின் முன் இருக்கையில் தூங்கிவிட்டாள். ஒரு கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்று, உள்ளே ஆட்கள் மாட்டிக்கொண்டதாக லிஃப்ட்காரரைக் கூப்பிட்டார்கள். குழந்தையை எழுப்ப மனமில்லாமல் பூட்டிவிட்டு, இதோ வருகிறேன் என்று ஓடினார். மேலே குனிந்து வேலை செய்தபோது சட்டைப் பையிலிருந்த சாவி லிஃப்ட் குழிக்குள் விழுந்துவிட்டது. ஓடிவந்து பார்த்தால் வெயில் காரின் மேல் ஏறியிருந்தது. குழந்தை விழித்து, கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக் கதறிக்கொண்டிருந்தது. சத்தம் வெளியே கேட்கவில்லை. ஸ்பேனரால் கண்ணாடியை உடைத்து எடுத்தார். குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அன்று தான் சொன்னதைத் தையற்காரி மறந்ததில்லை: "ஊரார் பிள்ளைங்களை இறக்கிவிடப் போனீங்க, நம்ம பிள்ளையைப் பூட்டி வச்சிட்டு." அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகு ஒருநாளும் இல்லை. தப்பு என்றுகூடச் சொல்ல வாய் வராத கல்நெஞ்சு என்று அவள் நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்போடேயே இத்தனை காலம் சமைத்துப்போட்டு, சண்டை போட்டு, சிரித்து, வாழ்ந்தும் விட்டாள்.

ஃபியூஸ் அண்ணன் சின்ன வெட்டுக்குறடை எடுத்தார். "ரெண்டு வயர்தான். வெட்டிவிட்டா கதவு நிக்கும். ஐயா உள்ளேயே இருப்பாரு. வெட்டிடவா?"

லிஃப்ட்காரர் விசிப்பலகையிலிருந்து எழுந்து வந்தார். தொங்கிய வயர்க்கட்டைக் கையில் ஏந்தி, முடிச்சு முடிச்சாகக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு போனார்.

"நல்ல கட்டு. யாரு கட்டினது?"

"நீங்கதான்," என்றாள்.

"நானா?" அவர் நம்பவில்லை. வயரின் ஓட்டத்தை மட்டும் கண் பின்தொடர்ந்து போயிற்று, இருக்கைவரை. "சரிதான். பட்டன் உயரத்துல இருக்கு. சின்னப் பிள்ளைக்கு எட்டாது. அது எப்படி இறங்கும்?"

அவள் தன் கைப்பையைப் பார்த்தாள். அந்தத் துணிப்பட்டை பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளி மூடினாள்.

"வெட்ட வேண்டாம் தம்பி. இருந்த இடத்துலயே வச்சிடுங்க."

"அம்மா, யோசிச்சுச் சொல்லுங்க. அவர் மறுபடி இறங்கிப் போயிட்டா?"

"போகலாம். நான்தான் பார்த்துக்கணும். பூட்டு பார்த்துக்கும்னு விட்டது என் தப்பு."

"சரிதான். நாளைக்கே 'தம்பி, பூட்டு நிக்கல'ன்னு வந்து நிக்கக் கூடாது," என்றார் அவர். ஆனால் பெட்டியைத் திரும்ப வைக்கும்போது ஒரு முடிச்சும் நலுங்காமல்தான் வைத்தார். அவள் இருக்கையைத் தைத்தாள். புதுத் துளை போடாமல், கணவர் குத்தியிருந்த கோணல் துளைகளுக்குள்ளேயே ஊசியை விட்டு எடுத்தாள். அதற்கு நேரமாயிற்று. யாரும் அவசரப்படுத்தவில்லை.

மாதம் முடிவதற்குள் மகள் வந்தாள். வீடு இருந்த கட்டடத்துக்குக் கீழே, கார் நிறுத்துமிடத்திலேயே அம்மா அவளைப் பிடித்துக்கொண்டாள். லிஃப்ட்காரர் பின் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பூட்டு சரியாயிடுச்சா?"

"முன்னால ஏறி உட்காரு. பார்க்கலாம்."

மகள் உட்கார்ந்தாள். அம்மா வெளியே நின்று அழுத்தினாள். தடக். மகள் கண்ணாடி வழியாக, சரி, நின்றுவிட்டதே என்பது போலத் தலையசைத்தாள். தடக். குமிழ்கள் எழுந்தன.

"சரியாகவே இல்லையேம்மா."

"இல்ல."

"பின்ன என்னதான் பண்ணினான் அந்த ஆளு?"

அம்மா கதவைத் திறந்து, இருக்கையின் விளிம்பில் குனிந்து, எல்லாவற்றையும் சொன்னாள். துணிப்பட்டையைப் பற்றியும் சொன்னாள். மகளுக்கு அந்த வெயில் நாள் நினைவில்லை. மூடிய அறையில் ஏன் தனக்கு மூச்சு முட்டுகிறது என்று மட்டும் அடிக்கடி யோசித்திருக்கிறாள். இருக்கைக்கு அடியில் விரலை விட்டு அந்தக் கோணல் தையலைத் தொட்டுப் பார்த்தாள். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை.

"எனக்காகவா வச்சாரு?"

"உனக்காகத்தான். என்கிட்டகூடச் சொல்லல."

மகள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். அவர் மரியாதையாகப் புன்னகைத்தார். இன்று மகளையும் தெரியவில்லை.

"அந்த இல்லத்தைப் போய்ப் பார்த்தேன்மா," என்றாள் அவள், அவர் பக்கமே பார்த்துக்கொண்டு. "நல்ல இடம்தான். சுத்தமா வச்சிருக்காங்க. அன்பாத்தான் பேசறாங்க. ரூம் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்ல. நீயும் கேட்கல, நானும் சொல்லல."

அம்மா திறந்திருந்த கார்க் கதவின் உள்பக்கக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வேண்டாம். மருந்து வாங்கற நாளைக்கு நானும் வர்றேன். நீ கடைக்குப் போ, நான் அவர்கூட உட்கார்றேன்."

"உன் வேலை?"

"கேட்டு மாத்திக்கறேன்."

"எத்தனை காலத்துக்குடி?"

"தெரியலம்மா," என்றாள் மகள். இருவருக்கும் தெரியவில்லை என்பது அந்த ஒரு வார்த்தையில் ஒத்துக்கொள்ளப்பட்டது.

அடுத்த மருந்து நாளில், அதே கடை வாசலில், அதே நிழலில் கார் நின்றது. லிஃப்ட்காரர் முன்னால், அவருடைய இருக்கையில். மகள் பின்னால். தையற்காரி இறங்கிக் கதவைச் சாத்தினாள். கைப் பழக்கம், பொத்தானை அழுத்திவிட்டாள். தடக்.

இரண்டடி நடந்தவள் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. மருந்துச் சீட்டைக் கையில் பிடித்தபடி, பேருந்து இரைச்சலுக்கு நடுவே காது கொடுத்துக் காத்திருந்தாள். பின்னாலிருந்து அந்த இரண்டாவது சத்தம் வந்த பிறகுதான் கடைக்குள் போனாள்.